ஒரு சொல்லுதானே சொன்னேன்

இங்ஙன வந்து உக்காரு தாயி. அந்த பெஞ்சுல உக்காந்தேன்னா பதினோரு மணிக்கு வெயில் மடியில வந்து விழுந்துரும். எனக்குத் தெரியும். ஏழு வாய்தாவா இந்த வராண்டாவுலதான் கிடக்கேன். எந்த மூலையில காத்து வரும், எந்த டவாலி பேரச் சரியாக் கூப்பிடுவாரு, எல்லாம் அத்துப்படி.

நீ என்ன கேஸு? பிள்ளைக் கேஸா? யாரு, உன் நாத்தனாவா? அவ வச்சிக்கிட்டுத் தரமாட்டேங்காளா? எத்தன வயசு? ரெண்டு வயசுப் பொம்பளப்பிள்ளையா! அடப்பாவி. பெத்தவட்ட இருந்து பிள்ளையப் பிரிச்சு வச்சிக்கிட்டு அவ எப்படித்தான் சோறு திங்காளோ. விடாத தாயி. எத்தன வாய்தா போட்டாலும் வா. விட்டுராத.

எனக்கா? எனக்குக் கொலைக் கேஸு.

பயந்துராத, தள்ளி உக்காராத. நான் கொல்லல. என்னப் பாத்தா கொல்லுதவ மாதிரியா இருக்கு? எழுவத்து மூணு வயசாச்சு. முழங்கால் ரெண்டும் சொன்ன பேச்சு கேக்காது. எங்க அண்ணன்தான் கேஸுல மொத ஆளு, ஆவுடையப்பன்னு பேரு. நான் ரெண்டாவது. மூணாவது எங்க வீட்டுக்காரரு. அவுக செத்துப் பதினாறு வருசமாச்சு, அதனால அவுக பேர அடிச்சுட்டாக. அண்ணனுக்கு நெனவு தப்பிப் போச்சு, அவர விசாரிக்க முடியாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. மிச்சம் யாரு? நான்தான். கடைசில எல்லாம் ஒரு பொம்பள தலையில வந்து விடிஞ்சிருக்கு.

அந்தா, தூணுக்குப் பக்கத்துல நிக்கான் பாரு, நீலச் சட்டை, கண்ணாடி போட்டு. கையில ஃபைலு. அவன்தான் என் மகன். கோமதிநாயகம். நாங்க நாயகம்னு கூப்பிடுவோம். யூனியன் ஆபீஸ்ல ஓவர்சியரு. அவன்தான் என் மேல எழுதிக் குடுத்தது. பதினோரு மாசமாச்சு எங்கூடப் பேசி. ஒரே ஊர்ல இருக்கோம், அவன் வாடகை வீட்டுல இருக்கான், நான் அந்த வீட்டுல ஒத்தையில கிடக்கேன். இப்பக் கூடப் பாரு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் நிக்கான். ஆனா வெயில்ல நிக்கான். அவனுக்கு வெயில் ஆகாது, ஒத்தத் தலைவலி வந்துரும். நீ போய்ச் சொல்லுதியா, நெழல்ல நில்லுன்னு? வேண்டாம், விடு. நான் சொல்லி விட்டேன்னு தெரிஞ்சா இன்னும் வெயிலுக்குள்ள போய் நிப்பான்.

நல்ல பிள்ளை தாயி அவன். இவ்வளவும் அவன் நல்ல பிள்ளையா இருந்ததுனால வந்த வினைதான்.

எங்க வீடு புளியங்குடி. கக்கூசு பின்னால, வளவு கடைசில இருந்துச்சு. போன வருசம் கார்த்திகை மாசம், மழை பேஞ்சு தரை வழுக்கிக் கிடந்துச்சு, விடியக்காலம் போகும்போது நான் விழுந்துட்டேன். இடுப்பு எலும்பு தப்பிச்சுது. அதுல இருந்து அவனுக்கு அதே நெனப்பு. "ஏம்மா, உன் ரூமுக்குள்ளயே ஒரு பாத்ரூம் கட்டிருதேன், செப்டிக் டேங்கு பின்னால போட்டுக்கலாம்"ன்னான். நான் வேண்டாம்னேன். எனக்கு எதுக்குலே, நான் இன்னும் எத்தன நாளைக்குன்னேன். அவன் கேக்கல. சரி, முன்பக்கம் போடுன்னேன். முன்பக்கம் யாராவது செப்டிக் டேங்கு போடுவாகளாம்மான்னு சிரிச்சான். வாஸ்து சரியில்லன்னேன். சாமி கனவுல வந்து சொல்லுச்சுன்னு கூடச் சொன்னேன். அவன் பொண்டாட்டி ரேவதியக் கூப்பிட்டு, "அம்மாவுக்குக் கனவு முத்திப் போச்சு"ன்னு கேலி பண்ணுதான்.

பின்னால ஒரு துவைகல்லு கிடந்துச்சு. பெரிய கல்லு, நாலு ஆளு சேந்தாத்தான் அசையும். நாப்பத்தாறு வருசமா அதுலதான் துணி துவைச்சேன். அவன் மூத்திரத்துணி துவைச்சேன், அவன் பள்ளிக்கூடத்து யூனிபாரம் துவைச்சேன், அவன் கல்யாண வேட்டியும் அதுலதான். வாசிங் மெசினு வாங்கிப் போட்டான். அப்பவும் நான் கல்லுலதான் துவைச்சேன். அம்மாவுக்குக் கல்லு மேல அம்புட்டுப் பிரியம்னு எல்லார்ட்டயும் சொல்லுவான்.

தை மாசம் என் கொழுந்தன் பேத்திக்குக் கடையநல்லூர்ல கல்யாணம். ரெண்டு நாளு போயிருந்தேன். அம்மா வந்து பாத்தா ஆச்சரியப்படட்டும்னு அவன் ஆளுகளக் கூட்டியாந்து கல்லப் பெரட்டித் தோண்டச் சொல்லிட்டான். மூணாவது அடியிலயே எலும்பு வந்துட்டு.

நான் வந்து பஸ்ஸ விட்டு இறங்குதேன், தெரு முழுக்க ஆளு. போலீசு. குழிக்குப் பக்கத்துல ஒரு சாக்க விரிச்சு அதுல வச்சிருக்காக. அவன் கையில ரெண்டு மூணு கண்ணாடி வளையல் துண்டு, பச்சையும் செகப்பும். என்னப் பாத்ததும் ஓடி வந்து, சின்னப் பிள்ளை மாதிரிக் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஏம்மா, நம்ம வீட்டுல யாரும்மா இது? யாரு வளையல்மா?"ன்னு கேட்டான். பயந்துட்டான். பதறிப் போயிருந்தான். நான் என்ன சொல்ல? தெரியலையேய்யான்னேன். நமக்கு முன்னால இந்த வீட்டுல இருந்தவுகளா இருக்கும்னேன். அப்பயும் என்ன உள்ள கூட்டிட்டுப் போய்த் தண்ணி குடுத்து, விசிறி விட்டான். அதுதான் அவன் எனக்குக் கடைசியா விசிறினது.

ஊர்ல கெழடு கட்டைக இன்னும் ரெண்டு மூணு இருக்கே, அதுக வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்குமா. சங்கரவடிவுக்கு, என் பேருதான் தாயி, ஒரு தங்கச்சி இருந்தாளே, பிரசவத்துக்கு ஒத்தாசைக்கு வந்து இங்க இருந்தாளே, இங்க இருந்துதானே ஓடிப்போனான்னு சொன்னாகன்னு, இன்ஸ்பெக்டரம்மாட்ட போய் ஓதிட்டாக. அந்த அம்மா வந்து எனக்கு ரத்தம் எடுத்தாக. அவனுக்கும் எடுத்தாக. அவன் சந்தோசமாக் குடுத்தான். சித்தி ஒருத்தி இருந்தாளாமே, எனக்குச் சொல்லவே இல்லையே, அவளா இருந்தா நல்லபடியா எரிச்சுக் காரியம் பண்ணணும்மான்னான்.

ரெண்டு மாசம் கழிச்சு ரிப்போட்டு வந்துச்சு. ஸ்டேசன்ல என்னையும் அவனையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சு இன்ஸ்பெக்டரம்மா வாசிச்சாக. குழியில கிடந்தவ என் கூடப் பிறந்தவ. அது சரி. குழியில கிடந்தவதான் கோமதிநாயகத்தப் பெத்தவ.

அவன் என்னத் திரும்பிப் பாத்தான் பாரு. நான் எத்தனையோ சாவப் பாத்திருக்கேன் தாயி, அந்த மாதிரி ஒரு மூஞ்சியப் பாத்ததில்ல.

அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டேன். நான் எதையும் மறைக்கல. இன்ஸ்பெக்டரம்மா கேக்கக் கேக்கச் சொன்னேன். அவுக எழுதிக்கிட்டாக. உனக்கும் சொல்லுதேன், கேளு. நேரம் கிடக்கு, பன்னெண்டு மணிக்கு முன்னால நம்மளக் கூப்பிட மாட்டாக.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருசமாப் பிள்ளை இல்ல. எங்க வீட்டுக்காரரு எலுமிச்சங்கா மண்டில தரம் பிரிக்கிற வேலை. சாதுவான மனுசன். மாமியாருதான் தினமும் ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பா. நல்லது கெட்டதுக்குப் போனா என்னப் பின்னால நிக்க வச்சிருவாக. உனக்கு அது தெரியாது தாயி. நீ பெத்தவ.

என் தங்கச்சி உலகம்மை. எனக்கு எட்டு வயசு இளையவ. சங்கரன்கோவில்ல அண்ணன் வீட்டுல இருந்தா. எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாக, அண்ணன்தான் எங்களுக்கு எல்லாம். அந்தத் தெருவுல ஒரு தையக்கடை. தேவசகாயம்னு ஒரு பையன் தச்சான். வேதக்காரன், நம்ம ஆளுகளும் கிடையாது. இவ ரவிக்கை தைக்கக் குடுக்கப் போனா, போனா, போய்க்கிட்டே இருந்தா. நாலு மாசம் ஆனப்பதான் மதினி கண்டுபிடிச்சா. அண்ணன் அந்தப் பையன அடிச்சு ஊர விட்டு வெரட்டிட்டாரு. இவள என்ன செய்ய? கொண்டாந்து எங்கிட்ட விட்டாரு. நாலு மாசமாச்சு, அழிக்கவும் முடியாதுன்னுட்டாக.

யோசனை சொன்னது நான்தான். ஆமா, நான்தான் சொன்னேன், அதுல என்ன தப்பு? ரெண்டு பேருக்கும் நல்லதுதானே? அவ மானம் தப்பிக்கும், எனக்கு ஒரு பிள்ளை கிடைக்கும். மாமியாரு அதுக்குள்ள போய்ச் சேந்துட்டா. நான் வயித்துல துணியச் சுத்திக்கிட்டேன். மாசத்துக்குத் தக்கன துணி கூடிக்கிட்டே போவும். ஏழாம் மாசம் எனக்கு வளைகாப்பு போட்டாக. தெருவே வந்துச்சு. கை நெறைய பச்சையும் செகப்புமா அடுக்கினாக. எனக்கு அழுகை வந்துட்டு. எல்லாரும் சந்தோசத்துல அழுதான்னு நெனச்சாக. சந்தோசம்தான் தாயி. நெசமாவே எனக்குள்ள பிள்ளை இருக்க மாதிரிதான் இருந்துச்சு. எல்லாரும் போன பெறவு உள்ரூமுக்குப் போனேன். அவ சுவரப் பாத்துப் படுத்துக் கிடந்தா. பாதி வளையலக் கழத்தி அவ கையில போட்டேன். "எனக்கும் போட்டியாக்கா"ன்னு கேட்டா.

பிள்ளை பிறந்துச்சு. ஆம்பளப்பிள்ளை. வெளியூர் மருத்துவச்சி ஒருத்தி வந்து பாத்தா, அவளும் இப்ப இல்ல. ஊருக்கு என் பிள்ளை. பாலு மட்டும் அவகிட்ட. ஒவ்வொரு தடவையும் பால் குடிச்சு முடிஞ்சதும் நான் எடுத்துருவேன். அவ கையில தூங்கிப் பழகிட்டா பெறவு கஷ்டம்ல. அவளுக்கும் கஷ்டம்தானே. நான் அவ நல்லதுக்குத்தான் எடுத்தேன்.

முப்பத்தஞ்சாவது நாளு ஒரு லெட்டரு வந்துச்சு. என் அட்ரசுக்கு, அவ பேருக்கு. பிரிச்சுப் பாத்தேன். அந்தத் தையக்காரப் பையன் எழுதியிருந்தான். புனலூர்ல கடை போட்டுட்டானாம். வர்ற வியாழக்கிழமை மத்தியான வண்டிக்குச் செங்கோட்டை ஸ்டேசன்ல நிப்பானாம். பிள்ளையத் தூக்கிக்கிட்டு வா, அங்க யாரும் நம்மளக் கேக்க மாட்டாகன்னு. அப்பல்லாம் செங்கோட்டையில இருந்து மலையக் கொடைஞ்சு புனலூருக்கு ரயில் போவும்.

லெட்டர மறைச்சுருக்கலாம்ல? மறைக்கல. ஒட்டி அவ கையில குடுத்தேன். அவ படிச்சா. ஆறு மாசமா நான் பாக்காத சிரிப்பு. என் கழுத்தக் கட்டிக்கிட்டு, "அக்கா, நீயே வந்து பஸ்ஸேத்தி விடு. வருசத்துக்கு ரெண்டு தடவ இவனத் தூக்கிட்டு வந்து உனக்குக் காட்டுவேன்"ன்னா.

காட்டுவாளாம்! வருசத்துக்கு ரெண்டு தடவ! அஞ்சு மாசம் துணி சுத்திக்கிட்டுத் திரிஞ்சவ நானு. ஊரெல்லாம் என் பிள்ளைன்னு சொல்லியாச்சு. பிள்ளை எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அவளுக்கு அது தோணவே இல்ல பாரு. தன் காரியம் மட்டும்தான்.

சரின்னேன். மறுநாளு சங்கரன்கோவிலுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்தேன். இங்ஙன இருக்க ஊருதானே. ரெண்டு பஸ்ஸு மாறணும். அண்ணன் வீட்டு வாசல்ல நின்னே சொன்னேன், உள்ள கூடப் போகல. "வியாழக்கிழமை கிளம்புதா"ன்னேன். அவ்வளவுதான். ஒரு சொல்லுதானே சொன்னேன் தாயி. அண்ணன் வந்து ஒரு அதட்டு அதட்டுவாரு, ரெண்டு அடி போடுவாரு, அவ அடங்கிருவான்னு நெனச்சேன். வேற யாரா இருந்தாலும் அப்படித்தானே நெனப்பாக? அண்ணன் துண்ட உதறித் தோள்ல போட்டாரு. மதினிதான் காப்பி குடிச்சிட்டுப் போன்னா. வேண்டாம், பிள்ளை தேடும்னுட்டு வந்துட்டேன்.

வியாழக்கிழமை காலையில அவ தல குளிச்சா. என் சேலைல ஒண்ணு கேட்டா, குடுத்தேன். பத்தரை மணிக்கு அண்ணன் வந்தாரு. முன் கதவத் தாள் போட்டாரு. எங்க வீட்டுக்காரரு மண்டிக்குப் போயிட்டாக. பக்கத்து வீட்டுல மாவு மில்லு, காலையில போட்டாகன்னா மத்தியானம் வரைக்கும் ஓடிக்கிட்டே கிடக்கும்.

அண்ணன் அவளப் பின்னால கூட்டிட்டுப் போனாரு. பிள்ளை உள்ரூம்ல. நான் பிள்ளைக்குப் பக்கத்துல இருந்தேன். மில்லு சத்தத்துக்குள்ள "அக்கா"ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. பெறவு இன்னொண்ணு. பிள்ளை உதட்டப் பிதுக்குச்சு. முழிச்சிரும்னு நான் ரூம் கதவச் சாத்திட்டேன்.

மூணாவது தடவையும் கூப்பிட்டாளா, தெரியல. கதவு சாத்தியிருந்துச்சுல்லா.

போய்ப் பாக்கும்போது அண்ணன் கிணத்தடியில உக்காந்திருக்காரு, துண்டு கையில. அவ கிடக்கா. "மம்பட்டி எங்கட்டி இருக்கு?"ன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாக. பாத்துட்டு வாந்தி எடுத்தாக. பெறவு அவுகளும் ஒரு கை பிடிச்சாக, பொழுது சாயுமுன்னாலே முடிஞ்சிட்டு. அதுக்குப் பெறவு அவுக முப்பது வருசம் உயிரோட இருந்தாக, ஒரு நாளும் பின்வாசல் வழியாப் போனதில்ல. குளிக்கக்கூட வாய்க்காலுக்குத்தான் போவாக. பொறுமையா ஏத்துக்கிட்டது நான் மட்டும்தான்.

ஓடிப்போயிட்டான்னு ஊருக்குச் சொன்னோம். யாரும் ஆச்சரியப்படல.

இரு, டவாலி கூப்பிடுதாரு. நம்ம பேரு இல்ல. உன் பேரு தமிழரசியா? அப்பம் உன் பேரும் இல்ல.

அந்தப் பையன் வந்தான் தாயி. தேவசகாயம். நாப்பது நாளு கழிச்சு வந்தான். வாசப்படியில செருப்பக் கழத்தாம நின்னான். மெலிஞ்சு போயிருந்தான். மூணு வியாழக்கிழமை ஸ்டேசன்ல நின்னானாம். அவ வேற ஒருத்தனோட பம்பாய்க்குப் போயிட்டாப்பான்னேன். அப்படிச் சொன்னாத்தான் வெறுத்துப் போவான்னு சொன்னேன். அவன் நம்பினானா என்னன்னு தெரியல. என் இடுப்புல பிள்ளை. அதையே பாத்துக்கிட்டு நின்னான். "பிள்ளை?"ன்னான். "இது என் பிள்ளை"ன்னேன். கிட்ட வந்து பிள்ளை காலு ரெண்டையும் ஒரு தடவ பிடிச்சுப் பாத்தான். துணி தைக்கவனுக்குக் காலுல என்ன அளவு தெரியுமோ. விட்டுட்டுப் போயிட்டான். பெறவு வரவே இல்ல. இப்ப நாயகம் புனலூருக்குப் போயி ரெண்டு வாரம் தேடினானாம். சர்ச்சுல கேட்டானாம். ஆளு செத்து மூணு வருசமாச்சுன்னு சொன்னாகளாம். கல்யாணமே பண்ணிக்கலையாம். இதையும் ரேவதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாலு வருசத்துக்கு முன்னாலயே பாத்ரூம் கட்டியிருந்தா ஒரு தடவையாவது பாத்திருப்பேனேன்னு அழுதானாம்.

பாரு, அப்பயும் என்ன நெனக்கல பாரு. அந்த மனுசன் அவனுக்கு என்ன செஞ்சாரு? ஒரு நாளு காலப் பிடிச்சாரு. நான் நாப்பத்தாறு வருசம் வளத்திருக்கேன். அம்மை போட்டு இருபது நாளு மடியிலயே வச்சிருந்தேன். அவன் பத்தாவது பரீட்சைக்கு நான் விரதம் இருந்தேன்.

அண்ணனப் பத்திச் சொல்லணும்லா. போலீசு என்னக் கூட்டிட்டு அவரப் பாக்கப் போச்சு. கட்டில்ல கிடக்காரு. மருமக சோறு ஊட்டுதா. எண்பது தாண்டியாச்சு. என்னப் பாத்ததும் மூஞ்சி மலந்துட்டு. "வா வடிவு, வா. உலகம்மை வரலையா? அவளக் கூட்டிட்டு வரலையா நீ? சாப்பிட்டாளா?"ன்னு கேக்காரு. இன்ஸ்பெக்டரம்மா என்னப் பாக்காக, நான் அவுகளப் பாக்கேன். தினமும் கேப்பாராம். உலகம்மைக்கு எடுத்து வைய்யின்னு ஒரு வாய் சோத்தத் தட்டு ஓரத்துல ஒதுக்குவாராம். நெசமாவே மறந்துட்டாரு தாயி. கொன்னது அவரு, அவரு மறந்துட்டாரு. சொமக்கது நானு. எனக்கு அவரக் கண்டா அன்னைக்குப் பொறாமையா இருந்துச்சு, பொய் சொல்லுவானேன்.

இன்னைக்கு என்னன்னா, ஜட்ஜய்யா குத்தத்த வாசிச்சு, ஒத்துக்கிடுதியான்னு கேப்பாராம். என் வக்கீலு சின்னப் பையன், நல்லவன். "இல்லன்னு மட்டும் சொல்லுங்க பாட்டி, வேற எதுக்கும் வாயத் திறக்காதீங்க"ன்னு சொல்லிருக்கான். அது பெரிய காரியம் இல்ல, சொல்லிருவேன். எனக்கு வேற ஒண்ணுதான் காலையில இருந்து நெஞ்சுல உக்காந்துருக்கு.

ரேவதி வந்தா காலையில. நாயகம் ஒரு கேள்வி கேட்டு விட்டிருக்கானாம். அதுக்குப் பதில் சொன்னா எங்கூடப் பேசுவானாம். என்ன கேள்வின்னா, அன்னைக்கு எங்க அம்மா என்னத் தூக்கிட்டுக் கிளம்பினாளா, இல்ல என்ன விட்டுட்டுக் கிளம்பினாளான்னு.

ஏன்னா நான் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்ததுல அது ஒண்ணு மட்டும் மாத்திச் சொல்லிட்டேன். பிள்ளைய விட்டுட்டு அந்தப் பையனோட புனலூருக்கு ஓடப் பாத்தா, அண்ணன் கோவத்துல செஞ்சிட்டாருன்னு சொன்னேன். லெட்டரப் பத்தி நான் வாயத் திறக்கல. சங்கரன்கோவிலுக்குப் போனதையும் சொல்லல. கேக்கல, சொல்லல.

உங்கிட்டதான் இப்பச் சொல்லுதேன். நீ வழியில பாத்தவ, உனக்கு என்ன. அண்ணன் பின்னால கூப்பிடும்போது அவ பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னா. அவனுக்குப் புதுச் சட்டை போட்டு, கன்னத்துல மை வச்சு, என் பழைய சேலைய நாலா மடிச்சுப் பொதிஞ்சு வச்சிருந்தா. நான்தான் அவ தோள்ல இருந்து வாங்கினேன். "குடுட்டி, அண்ணன்ட்ட பேசிட்டு வா, நான் வச்சிருக்கேன்"ன்னு கை நீட்டினேன். அவ என்ன நம்பித்தான் குடுத்தா.

அத எப்படி தாயி அவன்ட்ட சொல்ல? சொன்னா அடுத்த கேள்வி கேப்பான்ல. அண்ணனுக்கு யாரு சொன்னான்னு கேப்பான். படிச்சவன். ஒண்ணப் பிடிச்சு ஒண்ணு வந்துருவான். அப்பம் அவன் எனக்கு இல்லாமலே போயிருவான். இப்ப என்ன, கோவத்துல இருக்கான். கோவம் ஆறும். பெத்தவ விட்டுட்டுப் போனா, வளத்தவ எடுத்தான்னு ஒரு நாளைக்கு அவனுக்குத் தோணும். தோணாமலா போவும்? அந்த ஒரு நெனப்புலதான் நான் உசிர வச்சிருக்கேன்.

ஏ, இங்க வாரான்... இங்கதான் வாரான். என் சேலை ஒழுங்கா இருக்கா தாயி?

என்னய்யா?

...

ஆமா. ஆமாய்யா. விட்டுட்டுத்தான் கிளம்பினா. நீ பாயில கிடந்து அழுதுக்கிட்டே கிடந்த, திரும்பிக்கூடப் பாக்கல அவ. நான்தான் ஓடி வந்து உன்னத் தூக்கினேன். சத்தியமாய்யா. இந்தத் தாயிட்டகூட இப்ப அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

...

போயிட்டான். நீ கேட்டியா என்ன சொன்னான்னு? எனக்கு ஒரு காது சரியாக் கேக்காது. "சரிங்க பெரியம்மா. உள்ள கூப்பிடுறாங்க, வாங்க"ன்னான், இல்ல? பெரியம்மான்னுதானே சொன்னான்? நாப்பத்தாறு வருசத்துல ஒரு நாளும் என்ன வாங்க போங்கன்னு சொன்னதில்ல. ஏம்மா, வாம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, இப்படித்தான் பேசுவான்.

பரவால்ல. பேசிட்டான்ல. பதினோரு மாசம் கழிச்சுப் பேசிட்டான். பெரியம்மாங்கதுலயும் அம்மா இருக்குல்லா.

இந்தா, என் பேரத்தான் கூப்பிடுதாரு டவாலி. எந்திரிக்கணும். முழங்கால் நிமிர மாட்டேங்கு. ஒரு கை குடு தாயி.

ஏன் தாயி? கையக் குடுக்க மாட்டேங்க?